வேலுக்குப் பின்னால் ஓர் ஓட்டோ

கிண்ணியாப் பாலம் தொடங்குகிற இடத்தில் ஓர் ஓட்டோ வீதிக்குக் குறுக்கே நின்றது. பச்சை ஓட்டோ. பின்கண்ணாடியில் ‘முருகன் துணை’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு வந்த நாங்கள் அதைத் தாண்ட வழியில்லாமல் நின்றோம்.

காலை வெயில் அதற்குள் தாரைச் சுடவைத்துவிட்டது. எல்லோரும் வெறுங்கால். ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்தபடி கொக்குகள்போல நின்றுகொண்டிருந்தோம்.

ஓட்டோவிலிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் இறங்கினான். வேலைப் பார்த்து அவசரமாக ஒரு கும்பிடு போட்டான். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து, மஞ்சள் சேலையோடும் தலையில் ஒரு சாக்குப் பொதியோடும் நின்ற பெண்மணிக்கு முன்னால் போய் நின்றான்.

“அம்மா, ஏறுங்கோ.”

“எங்கை போக?”

“வீட்டை.”

“நான் வெருகலுக்கு எல்லோ போறன். நீ அந்தப் பக்கம் போறதெண்டால் சொல்லு, இந்தச் சாக்கை ஏத்திவிடுறன்.”

“விளையாடாதேங்கோ அம்மா. உங்கட காலைப் பாத்துப்போட்டு டொக்டர் என்ன சொன்னவர்?”

“நடக்கச் சொன்னவர்.”

“செருப்புப் போட்டுக்கொண்டு, காலமையில, அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னவர். வெருகலுக்கோ நடக்கச் சொன்னவர்?”

“எவடத்துக்கு எண்டு அவர் சொல்லேல்லை.”

நாங்கள் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டோம். அவனுக்கு முகம் சிவந்துபோனது.

அவர்கள் அன்புவழிபுரத்துத் தவமணி அக்காவும் அவருடைய மகன் சுதாகரும். அன்று தொடங்கிய சண்டையை வெருகல் வரைக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காத இடம்.

சோற்றுக்குப் பின்னால் போனவன்

போன கிழமை இந்தப் பத்தியில் உங்களைப் புல்மோட்டையில், மணல் மூட்டைகளுக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தேன். அங்கே எப்படி வேலை போனதென்று அப்போதே சொல்லிவிட்டேன். பிறகு நகரத்துக்கு வந்து அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கினேன். அதுவும் போனது. இரண்டு நாள் தேத்தண்ணியும் பேக்கரிப் பணிசுமாக ஓடியது. மூன்றாம் நாள் ஒரு கோயில் மண்டபத்தில் பந்தி நடப்பதைக் கண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

வருடாவருடம் வடக்கிலிருந்து வேலோடு கால்நடையாகக் கதிர்காமம் போகிறவர்கள் எங்கள் நகரத்தைத் தொட்டுக்கொண்டு போவார்கள். அந்தப் பந்தி அவர்களுக்கானது. வழியில் உள்ள ஊர்கள் முறைவைத்து அவர்களுக்குச் சோறு போடும். இடையில் வந்து சேர்கிறவர்களும் உண்டு. மாவட்டத்தின் தென்கோடியில் ஆற்றங்கரையில் இருக்கிற வெருகல் முருகன் கோயிலோடு நின்றுவிடுகிறவர்களும் நிறைய.

வேலைச் சுமந்து வந்தவரை எல்லோரும் வேல்சாமி என்றார்கள். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் பெரிது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

“சாமி வெருகல் மட்டுக்குமோ, கதிர்காமம் மட்டுக்குமோ?” என்று கேட்டார்.

“சோறு எதுமட்டும்?” என்று கேட்டேன்.

“கதிர்காமம் மட்டும் இருக்கு.”

“அப்ப நானும்.”

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி பருப்பு வாங்கித் தந்தார். என்னைப்போல எத்தனை பேரைக் கண்டிருப்பாரோ.

இந்தப் பாதை எனக்குப் புதிதில்லை. சண்டைக் காலத்தில் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஊரோடு ஊராக இதே வழியில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறேன். அப்போதும் வெறுங்கால்தான், செருப்பு அறுந்துவிட்டது. பந்தி ஒன்றும் இருக்கவில்லை. அதனால் இந்தமுறை நடை எனக்குப் பெரிய தவமாகத் தெரியவில்லை. வழிநெடுக மோர் தருகிறார்கள், சோறு தருகிறார்கள், ‘சாமி’ என்கிறார்கள். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை.

நேர்ந்தது யாரிடம்?

பாலத்தடியில் நடந்த வாக்குவாதத்திலேயே முழுக் கதையும் வெளியே வந்துவிட்டது.

அதற்கு முந்தின மாரியில் சுதாகருக்கு டெங்குக் காய்ச்சல். ஐசியுவில் நினைவில்லாமல் கிடந்தான். இனி எங்கள் கையில் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தவமணி அக்கா வெளி விறாந்தையில் நின்று, இவன் எழும்பி வந்தால் கோணேசர் கோயிலிலிருந்து வெருகல் வரைக்கும் வேலோடு வெறுங்காலில் நடந்துவருகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துவிட்டார். அவன் எழும்பி வந்தான். அவருக்கோ நெடுநாளாகச் சீனி வருத்தம். காலில் ஒரு சின்னக் கீறல் வந்தாலும் மாதக்கணக்கில் ஆறாது.

“நேந்தது என்ர உயிருக்கு” என்றான் சுதாகர். “அந்த உயிருக்குச் சொந்தக்காரன் நான் சொல்லுறன். நீங்கள் நடக்கத் தேவையில்லை.”

“சொல்ல நீ ஆர்? கதைச்சது நானும் அவனும். நீ அந்த நேரம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தனீ.”

“முருகன் இப்ப வந்து உங்களிட்டைக் கேட்டவரோ, ஏன் இன்னும் நடக்கேல்லை எண்டு?”

“அவன் கேக்கமாட்டான். அதுதான் வெக்கமாக் கிடக்கு.”

வேல்சாமி தொண்டையைச் செருமினார். “வேல் ஒரு இடத்தில கனநேரம் நிக்கப்படாது சாமி. கொஞ்சம் வழி விடுங்கோ.”

அம்மாவை எதிர்க்கத் துணிந்தவனுக்கு வேலை எதிர்க்கத் துணிவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஓட்டோவை ஓரமாக எடுத்தான். நாங்கள் அரோகரா சொல்லிக்கொண்டு பாலத்தில் ஏறினோம். கடற்காற்று முகத்தில் அடித்தது. நடுப்பாலத்தில் திரும்பிப் பார்த்தேன். ஓட்டோ எங்களுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தது.

அதற்குள் தவமணி அக்காவின் தலை வெறுமையாக இருந்தது. அவன் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் சாக்குப் பொதியைப் பின் இருக்கையில் வைத்துவிட்டார்.

சர்பத் கடை

கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் வாசலில் பெரிய வாளியில் சர்பத் கரைத்து வைத்திருந்தார். வேல் போகிற ஒவ்வொரு வருடமும் கொடுப்பாராம். கசகசா மிதந்தது. நான் மூன்று கப் குடித்தேன். கடைக்கார நானா தவமணி அக்காவுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். சீனி வருத்தம் என்றதும் சர்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

சுதாகர் நல்ல ஆதரவு கிடைத்ததென்று நினைத்துவிட்டான். “நானா, நீங்களாவது சொல்லுங்கோ. இந்தக் காலோட நடக்கலாமோ?”

நானா காலைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், கடைசியாக ஓட்டோவைப் பார்த்தார்.

“தம்பி, நீங்க காலையிலயிருந்து மறிக்கிறீங்க எண்டுதானே சொல்றீங்க?”

“ஓம்.”

“மறிச்சும் உங்கட தாய் கிண்ணியாவுக்கு வந்துட்டாங்க. அவங்கட சாமானையும் நீங்கதான் ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க. இறைவன் ஒண்டை நாடிட்டா மறிக்கிறவன்ட தலையிலயும் ஒரு மூட்டையை வைப்பான். அதுல நமக்கு என்ன கதை இருக்கு? இந்தாங்க, நீங்க சர்பத் குடிங்க. உங்களுக்குச் சீனி இல்லதானே?”

சுதாகர் குடித்தான். நல்ல தாகம்போல.

ஓட்டோ நிறைந்த விதம்

அன்று மாலை அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனான். போகும்போது, நாளைக்கு வருவேன், வந்து கட்டாயம் ஏற்றிக்கொண்டு போவேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் வந்தான். வரும்போது பண்டேச், மருந்து, அம்மாவுக்குச் சீனி போடாத பிஸ்கட், ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கொண்டுவந்தான். புதுச் செருப்பு ஒரு சோடியும் இருந்தது. அக்கா செருப்பை மட்டும் தொடவில்லை. மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, “சரி, நீ போயிட்டு வா” என்றார்.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு நாளும் அவன் அம்மாவைக் கூட்டிப்போகத்தான் வந்தான். ஒவ்வொரு நாளும் அவன் வந்ததால் அவருடைய நடை இன்னும் இலகுவானது. சாமான் சுமையில்லை, தண்ணீருக்குக் கவலையில்லை. முதலில் தாயின் சாக்கு மட்டும் ஓட்டோவில் இருந்தது. பிறகு அதற்குமேல் இன்னொரு பெண்ணின் பொதி வந்தது. மூதூருக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கஞ்சிக் கிடாரமும் பின்னால் கட்டப்பட்டிருந்தது. கிடாரத்துக்குள் என் பையும் இருந்தது.

“என்ன அண்ணை இது?” என்று என்னிடம் கேட்டான்.

“நீங்கள் எப்பிடியும் வருவீங்கள்தானே தம்பி.”

“நான் மறிக்க வாறன்!”

“ஓம், வடிவா மறியுங்கோ. கிடாரத்தை மட்டும் இறுக்கிக் கட்டிப்போட்டு மறியுங்கோ.”

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பெரிய கப்பல் உள்ளே வரும்போது இழுவைப் படகு ஒன்று வந்து அதன் மூக்கில் முட்டிக்கொண்டு உறுமும். கரும்புகையாகக் கக்கும். பார்க்கிறவனுக்கு, இந்தச் சின்னப் படகு கப்பலை உள்ளே வரவிடாமல் தள்ளுகிறது என்றுதான் தோன்றும். எனக்கும் முதல்நாள் அப்படித்தான் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் கப்பல் அழகாகத் திரும்பி இறங்குதுறையில் ஒட்டி நிற்கும். படகுக்காரன் பீடி பற்றவைப்பான்.

இதை நான் சுதாகருக்குச் சொன்னேன். தன்னைப் படகு என்று சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை.

வலிக்காத கால்

தவமணி அக்கா நன்றாக நடந்தார். எங்களில் பலர் நொண்டினோம். நானே ஒருநாள் குதிக்காலை ஊன்ற முடியாமல் கிடந்தேன். அவர் மட்டும் சுடுமணலிலும் கிறவல் வீதியிலும் ஒரே சீராக நடந்துகொண்டிருந்தார். ஒருமுறை அவருடைய பாதத்தில் முள் ஏறியிருந்ததைப் பக்கத்தில் வந்த பெண்தான் கண்டு பிடுங்கினாள். அக்காவுக்குத் தெரியவேயில்லை.

“ஒரு நோவும் இல்லைப் பிள்ளை” என்றார். “முருகன் என்னை ஏந்திக்கொண்டு போறான்.”

அந்தக் கதை கூட்டத்தில் பரவியது. பெண்கள் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிடத் தொடங்கினார்கள். அவருக்குக் கூச்சம். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்ததை நான் பார்த்தேன்.

சுதாகர் அந்தக் காலைக் கும்பிடவில்லை. கட்டைபறிச்சானில் தங்கிய அன்று குனிந்து உற்றுப் பார்த்தான். பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் உடைந்து, ஓரம் கறுத்திருந்தது. அவன் எழும்பிப் பக்கத்துக் கோயிலுக்குப் போனான். நானும் பின்னால் போனேன். அங்கே அன்று பொங்கியிருந்தார்கள்.

பூசகர் படியில் உட்கார்ந்து தேங்காய்த் துண்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். சுதாகர் நேரடியாகக் கேட்டான்.

“ஐயா, ஒரு நேர்த்தியை இடையில விலக்கிவிட ஏதும் முறை இருக்கோ?”

“விலக்கிறதோ? அது எனக்குத் தெரியாது தம்பி.”

“ஏதாவது பரிகாரம்? அபிஷேகம்? எவ்வளவு எண்டாலும் செய்யிறன்.”

பூசகர் தேங்காயை வைத்துவிட்டு யோசித்தார். “நேந்த ஆளுக்கு உண்மையா ஏலாமல் போனால், எங்கட பக்கத்தில ஒரு வழக்கம் இருக்கு. அவையின்ர ரத்தத்தில ஒராள் மிச்சத்தைச் செய்து குடுக்கலாம். நடை எண்டால் நடை. வெறுங்கால் எண்டால் வெறுங்கால்.”

சுதாகர் ஒரு தேங்காய்த் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அவவுக்குப் பிள்ளையள் ஆரும்?” என்று பூசகர் கேட்டார்.

“மகள் ஒராள் கனடாவில.”

“அப்ப அவவைக் கூப்பிடுங்கோவன்.”

“அவவுக்கு லீவு கிடையாது.”

“வேற ஒருவரும் இல்லையோ?”

நான் பொங்கல் புக்கையை வாய்க்குள் வைத்துக்கொண்டு கோயில் மணியைப் பார்த்தேன். அவன் அவசரமாக வெளியே போய்விட்டான். அந்த வழக்கத்தைப்பற்றித் தாயிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னையும் சொல்லவேண்டாம் என்று கண்ணால் காட்டினான்.

நேர்ஸ் சொன்னது

சம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். நடந்து வந்தவர்களின் காயங்களுக்கு மருந்து கட்டவென்று அந்த ஊர் நேர்ஸ் ஒருத்தி தன் பாட்டுக்கு வந்திருந்தாள். வகுப்பறை வாங்கில் தவமணி அக்காவை உட்காரவைத்து காலை மடியில் தூக்கி வைத்தாள். ஒரு குச்சியால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள்.

“இது தெரியுதோ அம்மா?”

“இல்லை.”

“இது?”

“இல்லைப் பிள்ளை. அவன்தான் எனக்கு நோவு தெரியாமல்…”

“அம்மா, இது சீனி” என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள். “நரம்பு செத்துப்போச்சு. அதுதான் நோகேல்லை. இனி இந்தக் காலோட ஒருநாள் நடந்தாலும் விரலை எடுக்கவேண்டி வரும். சில நேரம் விரலோடயும் நிக்காது.”

அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்ட பெண்களும் அங்கேதான் இருந்தார்கள்.

அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், யாரையும் பார்க்காமல் கேட்டார்:

“அப்ப அவன் என்னை ஏந்தேல்லையோ?”

வேல்சாமி திரும்பி வேலைப் பார்த்தார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தக் கேள்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவனாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

கதவடியில் நின்ற சுதாகர் தன் செருப்பைக் கழற்றினான். ஒன்றைச் சுவரோரமாகத் தள்ளினான், மற்றதையும் தள்ளினான்.

“மிச்சத்தை நான் நடக்கிறன்” என்றான். “அப்பிடிச் செய்யலாமாம். கோயில் ஐயாவிட்டைக் கேட்டனான்.”

எதிர்க்கட்சி மாறியது

தாய் சந்தோஷப்படுவார் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“உனக்கென்ன விசரோ?” என்றார் அக்கா. “உன்னால ஏலாது. காய்ச்சல்ல கிடந்து எழும்பின உடம்பு.”

“அது போன மாரியில அம்மா.”

“உன்ர காலைப் பார், பஞ்சு மாதிரி. பிரேக் மிதிச்ச காலெல்லோ? வெய்யிலில அவிஞ்சுபோவாய். டொக்டரிட்டைக் கேட்டனியோ?”

“டொக்டர் என்னை நடக்கவேண்டாம் எண்டு சொல்லேல்லை.”

“நடக்கச் சொன்னவரோ?”

இத்தனை நாளும் அவன் சொன்னதையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் அவன் சொன்னான். இரண்டு பேருக்கும் மற்றவரின் பாடம் முழுதும் மனப்பாடம்.

வேல்சாமி தன் பெரிய குரலில் முடித்துவைத்தார். “அம்மா, நேத்தி உங்கட வாயால வந்தது. ஆனால் உங்களிட்டை இருந்து வந்ததில்லை. தொடக்கினவன் முருகன், அவன் முடிப்பான். ஆற்ற காலால எண்டு நீங்கள் அவனுக்குச் சொல்லிக்குடுக்காதேங்கோ.”

அக்கா ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து மற்றப் பக்கம் பார்த்தார்.

இப்போது ஓட்டோவை ஓட்டுவது யார் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் நடக்க வந்தவர்கள். சோற்றுக்கு வந்தவன் நான் ஒருவன்தான்.

“உங்களுக்கு ஓட்டோ ஓடத் தெரியுமோ அண்ணை?” என்று சுதாகர் கேட்டான்.

“தெரியும்.”

“லைசென்ஸ்?”

“தம்பி, நீங்கள் ஓடத் தெரியுமோ எண்டுதானே கேட்டனீங்கள்.”

வேறு வழியில்லாமல் ஓட்டோவின் திறப்பைத் தந்தான். தந்துவிட்டும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. தாயின் காலை நினைத்து எடுக்கவில்லையா, ஓட்டோவை நினைத்து எடுக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது.

ஒரு கால் வெளியே

சம்பூரிலிருந்து ஈச்சிலம்பற்றுப் பக்கம் போகும் வழியில் நிழல் குறைவு. கச்சான் காற்று அனலாக வீசி, செம்மண்ணை அள்ளி முகத்தில் போடும். உதட்டை நக்கினால் மண் கரிக்கும். கிறவலில் சின்னச் சின்னக் கற்கள் உண்டு. அவை ஒவ்வொன்றையும் சுதாகர் தன் காலால் தேடிப்பிடித்தான்.

அவன் முதல் மணித்தியாலத்தில் வேலைத் தாண்டி முன்னால் போய்விட்டான். கெதியாக முடித்துவிடலாம் என்று நினைத்தான்போல. “வேலுக்கு முன்னால போகாதேங்கோ சாமி” என்று வேல்சாமி கூப்பிட்டார். அடுத்த மணித்தியாலத்தில் கூட்டத்துக்கு நடுவில் வந்தான். மதியத்துக்குமேல் கடைசி ஆளாக, என் ஓட்டோவின் மூக்குக்கு முன்னால் நொண்டினான். எல்லோரும் அரோகரா என்றபோது அவனும் தொடங்குவான். முதல் பாதி பக்தியாக வரும். மிச்சப் பாதி கல்லில் கால் படும்போது அலறலாக வரும்.

பின் இருக்கையிலிருந்து அக்கா விடாமல் உத்தரவு போட்டார்.

“குதிக்காலை ஊண்டாதை.”

“சரி அம்மா.”

“ஓரமா நட, புல்லில.”

“புல்லுக்குள்ள முள்ளு அம்மா!”

“அப்ப நடுவால நட.”

ஒரு பாலை மரத்தடியில் அவன் உட்கார்ந்துவிட்டான். பாதம் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. “இனி ஏலாது” என்றான். “சத்தியமா ஏலாது. முருகன் கோவிக்கிறதெண்டால் கோவிக்கட்டும்.”

அக்கா கட்டுப்போட்ட காலை மெதுவாக ஓட்டோவுக்கு வெளியே நீட்டினார்.

சுதாகர் துள்ளி எழும்பினான். “உள்ள வையுங்கோ! அம்மா, காலை உள்ள வையுங்கோ! நான் நடக்கிறன்!”

நடந்தான். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் உட்கார்ந்தான். திரும்பவும் ஒரு கால் வெளியே வந்தது. திரும்பவும் எழும்பினான். அந்தக் கால் எத்தனை முறை வெளியே வந்து உள்ளே போனது என்று நான் எண்ணவில்லை. ஓட்டோவை ஓட்டியதாக நான் பிறகு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அன்று எங்கள் எல்லோரையும் ஓட்டியது அந்தக் கட்டுப்போட்ட கால்தான்.

ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மகன் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் அக்காவின் முகம் சுருங்கியது. தன் காலில் தெரியாத நோவெல்லாம் அவருக்கு அங்கே தெரிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “முருகா, போதும், அவன் இவ்வளவு நடந்தது போதும்” என்று முணுமுணுத்தார். கால் மட்டும் வெளியே நீட்டத் தயாராக வாசலில் இருந்தது.

ஆற்ற பேருக்கு?

மறுநாள் வெருகலுக்குப் போனபோது நல்ல வெளிச்சம். ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. எல்லோரும் இறங்கிக் குளித்தோம். சுதாகர் இரண்டு பாதங்களையும் தண்ணீருக்குள் விட்டபடி கரையில் கனநேரம் இருந்தான். மீன்குஞ்சுகள் வந்து கடித்தும் அவன் எடுக்கவில்லை.

அக்காவைக் கோயிலுக்குள் கொண்டுபோவதில் அடுத்த சண்டை. நடந்துதான் போவேன் என்றார் அவர். வாசல் வரைக்கும் வந்ததே பெரிது, ஓட்டோவில் இருந்தே கும்பிடுங்கள் என்றான் அவன். நான் கடையடியில் கேட்டு ஒரு பிளாஸ்ரிக் கதிரை வாங்கிவந்தேன். அதில் அவரை உட்காரவைத்து ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் நானும் தூக்கினோம். சனம் விலகி வழிவிட்டது. யாரோ ஒருவர் இதுவும் ஏதோ வாகனம் என்று நினைத்து உரக்க “அரோகரா” சொல்ல, பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“இறக்கடா!” என்றார் அக்கா. “என்னைப் பாத்துக் கும்பிடுதுகள். பாவம் வந்து சேரப்போகுது.”

“ஆடாதேங்கோ அம்மா, விழுந்துபோவீங்கள்.”

மூலஸ்தானத்துக்கு முன்னால் இறக்கினோம். பூசகர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

“ஆற்ற பேருக்கு?”

“சுதாகர்” என்றார் அக்கா.

“தவமணி” என்றான் மகன், அதே நேரத்தில்.

பூசகர் இருவரையும் பார்த்தார். “ஆற்ற நேத்தி?”

“நேந்தது இவனுக்கு ஐயா. இவன்ர பேருக்குச் செய்யுங்கோ.”

“நேந்தவ இவ. இவவின்ர நேத்தி. இவவின்ர பேருக்குச் செய்யுங்கோ.”

“நடந்து முடிச்சது அவன். காலைப் பாருங்கோ ஐயா.”

“என்னை நடத்தினது அவ. நான் எப்பவோ விட்டிருப்பன்.”

“நான் எங்க நடத்தினனான்? உன்னை மறிச்சனான் எல்லோ!”

“நான் உங்களை மறிக்கேல்லையோ?”

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒரு குழந்தை அழுதது. யாரோ தட்டால் என் முதுகில் இடித்தார்கள். பூசகர் பெருமூச்சு விட்டார். நாள் முழுதும் நின்ற களைப்பு அவருடைய முகத்தில் தெரிந்தது.

“சரி, சுவாமி பேருக்கே செய்யிறன்” என்றார். பதிலுக்குக் காத்திராமல் திரும்பி உள்ளே போனார்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சுதாகர் ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நின்றுகொண்டு, கதிரையின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். அக்காவின் கை அவன் கைக்குமேல் இருந்தது. உள்ளே மணி அடித்தது. கிண்ணியாப் பாலத்திலிருந்து அதுவரைக்கும் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.